இரைச்சலும் அமானிதமும்

வாப்பாவின் பழைய இசைத்தட்டுகளைக் கணினியில் ஏற்றும் வேலையை 2022ஆம் ஆண்டிலிருந்து வவுனியா பட்டாணிச்சூரில் உள்ள என் வீட்டில் செய்து வருகின்றேன். தொடங்கிய காலம் நல்ல காலமன்று. அந்த ஆண்டு மார்ச் இறுதியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது. மின்சாரம் வரும் நேரத்தைப் பார்த்திருந்து, அது மீண்டும் போவதற்குள் ஒரு தட்டின் ஒரு பக்கத்தையாவது முடித்துவிட வேண்டும். இந்த வேலையில் அவசரப்பட வழியில்லை. இருபது நிமிடம் ஓடும் பக்கம் கணினிக்குள் போகவும் இருபது நிமிடம் எடுக்கும். பக்கத்தில் இருந்து கேட்காமல் எழுந்து போனால், முள் எங்கே பாய்ந்தது, எங்கே ஒரே வட்டத்தில் நின்று சுழன்றது என்பது தெரியாமற் போகும்.

அப்படி இருந்து கேட்டதில் ஒரு கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. ஒரு குரலைப் பாதுகாக்கப் புறப்பட்டவனுக்கு அதைத் திருத்தும் உரிமை உண்டா? உண்டெனில், யாருடைய அனுமதியோடு, எந்த எல்லை வரை? பார்ப்பதற்கு இது தொழில்நுட்பக் கேள்வி. எனக்கு அது மார்க்கக் கேள்வியாகவும், வன்னியில் வாழ்கின்ற ஒருவனின் அயலுறவுக் கேள்வியாகவும் மாறிவிட்டது. அதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கின்றேன்.

வாப்பா முல்லைத்தீவு மாவட்டத்துத் தண்ணீரூற்றில் லவுட்ஸ்பீக்கர் வாடகைக்கு விட்டவர். பற்றறியில் ஓடும் ஒரு அம்பிளிபயர், இரண்டு ஹோர்ன், ஒரு தட்டுச் சுழலி, ஒரு ட்ரங்குப் பெட்டி நிறையத் தட்டுகள். இதுதான் அவருடைய முதல். கந்தூரிக்கும் கலியாணத்துக்கும் போவார். வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்கு நடந்து போகும் சனங்களுக்காக வழிநெடுகப் போடப்படும் தண்ணீர்ப் பந்தல்களுக்கும் போவார். ஆகவே அந்தப் பெட்டிக்குள் நாகூர் ஹனிபாவும் இருந்தார், முருகன் பாடல்களும் இருந்தன, சினிமாப் பாடல்களும் இருந்தன. பாட்டுத் தொழில் ஆகுமா ஆகாதா என்று வாப்பாவிடம் வாதாடியவர்கள் உண்டு. அவர் பதில் சொன்னதில்லை. தட்டைத் துடைத்து உறைக்குள் வைப்பதில் மட்டும் குறை வைக்கமாட்டார்.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்கள் எல்லோரையும் வெளியேற்றினார்கள். ஐந்து மாவட்டங்களிலிருந்தும் 70,000 பேருக்கும் அதிகமானோர் வெளியேறினர். பெரும்பகுதியினர் புத்தளத்துக்கு வந்து சேர்ந்தோம். எனக்கு அப்போது பதினெட்டு வயது. கையில் தூக்கக்கூடியதைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டோம். இசைத்தட்டுப் பெட்டி அப்படித் தூக்கக்கூடிய சாமானல்ல. வாப்பா அதைப் பக்கத்து வளவில் இருந்த தன் கூட்டாளியிடம் கொடுத்தார். நான் மாமா என்று அழைக்கின்ற அந்த மனிதர் முள்ளியவளைக்காரர், தமிழர், இந்து. வாப்பா அவரிடம் சொன்னது ஒரு வார்த்தைதான். “அமானிதமா வச்சிரும்.” அந்த அரபுச் சொல்லின் எடை மாமாவுக்குத் தெரிந்திருந்ததோ தெரியாது. அவர் அதைச் செய்துகாட்டினார்.

2002இல் போர்நிறுத்தம் வந்து ஏ9 பாதை திறந்தபோது வாப்பா ஒருமுறை போய்ப் பெட்டியைப் பார்த்துவிட்டு வந்தார். “இங்கயே இருக்கட்டும், நாங்க திரும்பி வாற நேரம் எடுப்பம்” என்று சொல்லி விட்டுவிட்டே வந்தார். 2005இல் புத்தளத்தில் மௌத்தானார். 2008 டிசம்பரில் போர் முள்ளியவளையை நெருங்கியபோது, மாமா தட்டுகளைப் பொலித்தீனில் சுற்றி, அதன்மேல் உரப்பையால் கட்டி, பெட்டியோடு வளவுக்குள் புதைத்துவிட்டு நடந்தார். அங்கிருந்து கரையோரம், பிறகு முள்ளிவாய்க்கால், 2009 மே மாதத்துக்குப் பின் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம். திரும்பி வந்ததும் வளவைக் கிண்டினார். பெட்டி துருப்பிடித்து அடி கழன்றிருந்தது. 2011இல் நான் ஊரைப் பார்க்கப் போனபோது ஒரு சாக்கில் போட்டு என்னிடம் தந்தார். “நானாவின்ர சாமான், எண்ணிப் பார் மோனை” என்றார். நாற்பத்தொரு தட்டுகள் இருந்தன. நான் எண்ணவில்லை என்றுதான் சொல்ல ஆசை. அவர் முன்னால் எண்ணினேன். அவர் எண்ணச் சொன்னதால் எண்ணினேன்.

அந்தத் தட்டுகள் பதினொரு வருடம் என் அலுமாரியில் கிடந்தன. அவற்றைப் போட ஒரு சுழலி இருக்கவில்லை. கொழும்பிலிருந்து பழைய சுழலி ஒன்று கிடைத்த பிறகே வேலை தொடங்கியது.

வேலை என்னவென்று அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கின்றேன். தட்டின் பள்ளத்தில் முள் ஓடும்போது உண்டாகும் அதிர்வு மிகச் சிறிய மின்சாரமாகிறது. அதை ஒரு முன்பெருக்கி வளர்த்துக் கணினிக்கு அனுப்புகிறது. கணினி அதை ஒரு செக்கனுக்கு 44,100 தடவையோ 96,000 தடவையோ அளந்து எண்களாக எழுதிக்கொள்கிறது. நான் பாவிக்கும் ஒடாசிட்டி என்ற மென்பொருள் இலவசமானது. சீ.டீ. தரத்தில் பதிந்தால் ஒரு நிமிடத்துக்குச் சுமார் பத்து மெகாபைட்டு இடம் பிடிக்கும். எம்பி3 ஆக்கினால் அதில் பத்திலொரு பங்கு போதும். ஆனால் எம்பி3 சுருங்குவது, காதுக்குத் தெரியாது என்று அது கருதும் பகுதிகளை வெட்டி எறிந்துதான். எறிந்தது திரும்பி வராது.

தட்டுகளும் ஒரு வகையல்ல. பழைய 78 வேகத் தட்டுகள் அரக்கினால் ஆனவை. இந்தியக் காடுகளில் ஒரு பூச்சி மரக்கிளையில் சுரக்கும் அரக்கு அது. அவற்றின் பள்ளம் அகலமானது. பிற்காலத் தட்டுக்கு வைக்கும் முள்ளைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு பருத்த முள் அவற்றுக்கு வேண்டும். ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் அரக்கு கரைந்துவிடும். பிற்காலத்துத் தட்டுகள் வைனைல் பிளாஸ்ரிக்கினால் ஆனவை. மண்ணும் ஈரமும் அவற்றை அவ்வளவாக ஒன்றும் செய்வதில்லை. நடுவில் ஒட்டிய காகிதம் உக்கிப்போகும். பூஞ்சணம் பள்ளத்தில் குடியிருக்கும். காய்ச்சி வடித்த தண்ணீரில் கழுவினாலும் முழுவதும் போகாது. அந்த மிச்சந்தான் படபடவென்று கேட்கும் இரைச்சல். மாமாவின் வளவு மண் இன்னமும் அந்தத் தட்டுகளுக்குள் இருக்கிறது என்று சொன்னால் அது உவமையல்ல.

இரைச்சலை எடுக்க மென்பொருளில் இரண்டு வழிகள் இருக்கின்றன. பாட்டுத் தொடங்குவதற்கு முந்திய வெறும் பள்ளத்தின் ஓசையை மாதிரியாகக் கொடுத்தால், அதைப் போன்றதை முழுப்பாட்டிலிருந்தும் கழித்துவிடும். இது ஒன்று. டிக் டிக் என்ற வெடிப்புகளைக் கண்டுபிடித்து வெட்டி, அந்த இடத்தில் முன்னும் பின்னும் உள்ள ஒலியைப் பார்த்து இன்னதுதான் இருந்திருக்கும் என்று ஊகித்து நிரப்புவது மற்றது. இரண்டாவதை நன்றாகக் கவனிக்க வேண்டும். மென்பொருள் அழிப்பதோடு நிற்பதில்லை, தானாக ஒன்றைச் சொல்லவும் செய்கிறது. பாடகர் பாடாத ஒரு துளியை அவர் பாடியதாக அது எழுதுகிறது.

ஆரம்பத்தில் எனக்கு இந்த யோசனையெல்லாம் இருக்கவில்லை. முதலில் ஏற்றியது நாகூர் ஹனிபா (1925–2015) பாடிய ஒரு 78 வேகத் தட்டு. சுத்தமாக்கும் வித்தை புதிதாகக் கைவந்த உற்சாகத்தில் அளவுக்கு மேல் கழித்தேன். ஹார்மோனியத்தின் காற்றோசை போயிற்று. வரிகளுக்கிடையில் அவர் மூச்செடுக்கும் சத்தமும் போயிற்று. குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல ஆயிற்று. எனக்கு அப்போது அது நல்லதாகவே பட்டது. இடம் மிச்சம் என்று எம்பி3 ஆக மட்டும் வைத்துக்கொண்டு, பதிந்த மூலக் கோப்பை அழித்துவிட்டேன். இரண்டு கிழமைக்குப் பின் அந்தத் தட்டு என் கையிலிருந்தே நழுவிச் சீமெந்துத் தரையில் விழுந்து மூன்றாக உடைந்தது.

அந்தத் தட்டில் ஓரிடத்தில் ஒரு கீறல் இருந்தது. அவ்விடம் வந்ததும் முள் பாயும். வாப்பா முள்ளுக் கையின்மேல் ஒரு செப்புச் சதத்தை வைத்து அதைக் கடத்திவிடுவார். எங்கள் வீட்டில் அந்தப் பாட்டு என்றாலே அந்த ‘டக்’கும் சேர்ந்ததுதான். நான் அதை நீக்கிவிட்டேன். இப்போது என்னிடம் இருப்பது மிக நல்ல பாட்டு. ஆனால் அதில் வாப்பா இல்லை. மூலமும் இல்லை, தட்டும் இல்லை. கண்ணகி அம்மன் பக்தரான ஒரு மனிதர் யுத்தத்தினூடே காப்பாற்றித் தந்த தட்டை, வாப்பாவின் சொந்த மகன் தன் மேசையிலேயே இரண்டு தடவை அழித்தேன்.

அதற்குப் பின் எதிர்த்திசையில் ஓடினேன். ஒன்றையும் தொடுவதில்லை, மண்ணும் பூஞ்சணமும் கீறலும் எல்லாம் சரித்திரம், இருக்கட்டும் என்று முடிவுசெய்தேன். அந்த இரைச்சலைக் காதலிக்கவும் தொடங்கினேன். இக்காலத்தில் புதுப் பாடல்களுக்குக்கூடப் பழைய தட்டின் படபடப்பைச் செயற்கையாகச் சேர்க்கின்றார்கள். எனக்கு அது உண்மையாகவே வாய்த்திருக்கிறது என்று ஒரு பெருமிதம்.

அந்த மனநிலையில்தான் முருகன் பாடல் தட்டு ஒன்றின் தொடாத கோப்பைக் கைத்தொலைபேசியில் போட்டுக்கொண்டு மாமாவிடம் போனேன். மாங்குளத்தில் திரும்பி முல்லைத்தீவு வீதியால் போகும்போது வழியெல்லாம் அவர் முகம் எப்படி மலரும் என்று நினைத்துக்கொண்டு போனேன். திண்ணையில் இருந்து கேட்டார். முதல் பாட்டு முடியுமுன் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்.

“மழை பெய்யிற மாதிரி இருக்கு, இல்லையா மாமா?” என்றேன்.

“உனக்கு மழை மோனை. எனக்கு அது மழையில்லை.”

சற்றுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டார். “அந்த இரைச்சலை எடுத்துப்போட்டுப் பாட்டை மட்டும் தரேலாதோ?”

வீட்டுக்குள் மாமி இருந்தார். அவரும் நிறுத்தச் சொல்லித்தான் வாசலுக்கு வந்திருந்தார் என்பதைப் பிறகே கவனித்தேன். 2009ஆம் ஆண்டின் அந்த மாதங்களை நான் புத்தளத்தில் இருந்துகொண்டு வானொலிச் செய்தியில் கேட்டவன். அவர்கள் கேட்டது வேறு. தொலைவிலிருந்து படபடவென்று கேட்கும் சத்தம் எதுவும் அவர்களுக்கு மழையாகாது என்பதை அறுபது வயதை நோக்கிப் போகும் எனக்கு ஒருவர் சொல்லித் தர வேண்டியிருந்தது.

இங்கேதான் என் சிக்கல் தொடங்கியது. ஏனெனில் இரைச்சலை எடு என்ற சொல் எனக்கும் பழக்கமான சொல். வடக்கு முஸ்லிம்களின் மீள்குடியேற்றம் பற்றிய ஒரு கூட்டத்தில், நல்லெண்ணத்தோடுதான், ஒருவர் சொன்னார்: “பழசைக் கிளறாமல் இனி ஒற்றுமையாக இருப்போம்.” நான் எழுந்து, எங்களது இத்தனை வருட அகதி வாழ்வை யாரும் இரைச்சல் என்று கழித்துவிட முடியாது என்று கோபமாகப் பேசினேன். அந்தக் கோபம் நியாயமானது என்றே இன்றும் நினைக்கின்றேன். அப்படியானால் மாமா கேட்டதற்கு நான் என்ன சொல்வது? அவருடைய வேண்டுகோளும் அந்தக் கூட்டத்து மனிதரின் வேண்டுகோளும் ஒன்றா? ஒன்று என்றால் இரண்டையும் மறுக்க வேண்டும். வேறு என்றால் வேறுபாடு எங்கே இருக்கிறது?

இதற்கு விடை தேடியபோது கணினி நூல்கள் உதவவில்லை. மத்ரஸாவில் சிறுவயதில் மேலோட்டமாகக் கேட்டுவிட்டு மறந்திருந்த ஹதீஸ் கலைதான் உதவியது. மார்க்க ஆதாரத்தையும் பாட்டுத் தட்டையும் நான் சமப்படுத்தவில்லை. ஒரு சொல்லைக் கைமாற்றிக் கொண்டுவருகிறவனுக்கு என்ன ஒழுக்கம் வேண்டும் என்பதை நம் முன்னோர் அளவுக்கு யோசித்தவர்கள் குறைவு. அந்த ஒழுக்கத்தைத்தான் கடன் கேட்கின்றேன்.

கையெழுத்துப் பிரதியில் பிழை நேர்ந்தால் அதை எப்படித் திருத்துவது என்பதற்கே அந்தக் கலையில் தனிப் பாடம் இருக்கிறது. ஹிஜ்ரி 643இல் (1245) மறைந்த இப்னுஸ் ஸலாஹ் தமது ‘முகத்திமா’வில் இதைப் பேசுகிறார். பிழையான சொல்லைக் கத்தியால் சுரண்டி எடுப்பதைவிட, அதன்மேல் கோடிட்டு அடிப்பதே மேல் என்பது அவர்களது முடிவு. அவருக்கு முந்திய ராமஹுர்முஸி, சுரண்டல் சந்தேகத்துக்கு இடம்வைக்கும் என்று தம் தோழர்கள் கருதியதைப் பதிவுசெய்கிறார். காழி இயாழ் (மறைவு 1149) தரும் செய்தி இன்னும் சுவையானது. ஹதீஸ் கேட்கும் சபைக்குக் கத்தி கொண்டுவருவதையே ஆசிரியர்கள் விரும்பவில்லையாம். இன்று பிழையென்று சுரண்டியது நாளை வேறோர் அறிவிப்பில் சரியென்று தெரியவரலாம். கோடிட்டிருந்தால் திரும்பப் பெறலாம். சுரண்டியிருந்தால் என்ன செய்வது?

சந்தேகமான சொல்லை எழுதியபடியே விட்டு, மேலே ஒரு சிறு அடையாளம் மட்டும் போடும் வழக்கமும் இருந்தது. அறிவிப்பாளரின் சொந்தச் சொல் மூலவாசகத்துக்குள் கலந்துவிட்டால் அதற்கு ‘முத்ரஜ்’ என்று பெயர் வைத்தார்கள். தொடரில் உள்ள குறையை மறைத்து, குறையில்லாததுபோல அறிவிப்பதற்குத் ‘தத்லீஸ்’ என்று பெயர். இந்தப் பெயர்களை என் மேசைக்குக் கொண்டுவந்து பார்த்தேன். வெடிப்பை வெட்டி மென்பொருள் ஊகித்து நிரப்பும் துளி முத்ரஜ். சுத்தமாக்கிய கோப்பை இதுதான் அசல் என்று கொடுப்பது தத்லீஸ். மூலக் கோப்பை அழிப்பது, சபைக்குக் கத்தி கொண்டுவருவது.

தொடாத மூலம் என்று ஒன்று உலகில் இருக்கிறதா என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. தட்டே ஒரு திருத்தத்தின் விளைவுதான். தட்டு வெட்டும்போது கனத்த ஒலிகளைத் தாழ்த்தி, மெல்லிய கூர்மையான ஒலிகளை உயர்த்தித்தான் பதிகிறார்கள். இல்லையேல் பள்ளம் அகன்று தட்டில் இடம் போதாது, முள்ளும் தரிக்காது. கேட்கும்போது முன்பெருக்கி அதை நேர்மாறாக மாற்றிச் சமப்படுத்துகிறது. 1954இலிருந்து இதற்கு ஒரு பொது அளவு அமெரிக்க ஒலிப்பதிவுத் துறையில் ஏற்கப்பட்டு, உலகெங்கும் பரவியது. ஆகவே மாற்றம் என்பதே குற்றமல்ல. அந்த மாற்றம் எல்லோரும் அறிய அறிவிக்கப்பட்டது. எந்த அளவில் மாற்றினார்களோ அதே அளவில் திருப்பவும் முடியும். குற்றம் எங்கே வருகிறதென்றால், சொல்லாமல் மாற்றும்போதும், திரும்ப முடியாதபடி மாற்றும்போதும் வருகிறது.

நம் சமூகத்தின் மிகப்பெரிய பாதுகாப்புப் பணியும் தயக்கத்தோடுதான் தொடங்கியது என்பதையும் நினைத்துப் பார்க்கலாம். யமாமா யுத்தத்தில் குர்ஆனை மனனமிட்டிருந்த பலர் ஷஹீதானபோது, அதை ஒன்றுதிரட்டும்படி உமர் (ரலி) வேண்டினார்கள். நபி (ஸல்) அவர்கள் செய்யாத ஒன்றை எப்படிச் செய்வது என்று அபூபக்ர் (ரலி) தயங்கினார்கள். பொறுப்பேற்ற ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களுக்கு ஒரு மலையை நகர்த்துவதைவிட அது பாரமாக இருந்தது. சாட்சி இல்லாமல் எந்த ஏட்டையும் ஏற்கவில்லை என்று அறிவிப்புகள் சொல்கின்றன. ஆயிரத்து முந்நூறு வருடத்துக்கும் மேலாகிய பின், எகிப்தில் லபீப் அஸ்ஸஈத் முன்வைத்த திட்டத்தின்படி, ஷெய்க் மஹ்மூத் கலீல் அல்ஹுஸரி ஓதிய முழுக் குர்ஆனும் 1961இல் இசைத்தட்டுகளில் வெளிவந்தது. எழுத்தில் நிகழ்ந்த அந்த முதல் திரட்டலுக்கு இணையாகக் குரலில் ஒரு திரட்டல் என்றே அதைக் கருதினார்கள். தட்டு என்ற சாதனம் இவ்வாறு மார்க்கப் பணிக்கும் வந்தது. ஆனால் அன்றும் சரி, இன்றும் சரி, ஒருவர் காரியாவது தட்டைக் கேட்டல்ல. ஓர் ஆசிரியர் முன் ஓதிக்காட்டி, அவர் தம் ஆசிரியர் வழியாகப் பெற்ற தொடரில் தானும் இணைந்துதான். பிரதி எவ்வளவு துல்லியமானாலும், யாரிடமிருந்து யாருக்கு என்ற தொடர் இல்லாவிட்டால் அது அநாதை.

இப்போது மாமாவின் வேண்டுகோளுக்கு வருகின்றேன். கூட்டத்தில் பேசியவருக்கும் மாமாவுக்கும் உள்ள வேறுபாடு எனக்கு இப்படித் தெரிகிறது. மாமா தன் காதுக்காகக் கேட்டார், தன் காயத்தைப் பற்றிக் கேட்டார். கூட்டத்து மனிதர் என் காயத்தைப் பற்றி, எல்லோர் காதுக்குமாகச் சேர்த்துத் தீர்ப்புச் சொன்னார். பாதிக்கப்பட்டவன் தன் இராத்திரித் தூக்கத்துக்காக மறக்கக் கேட்பது அவனது ஹக்கு. அதை மறுக்க எனக்கு உரிமையில்லை. பாதிக்கப்பட்டவனின் பெயரால் மற்றவர்கள் ஏட்டைச் சுரண்டுவது வேறு விடயம். இரண்டுக்கும் மொழி ஒன்றாக இருப்பதால் நாம் குழம்பிப்போகின்றோம்.

இதன் மறுபக்கம் என்னைத்தான் சுட்டுகிறது. நான் இரைச்சலைக் காக்க நின்றது சரித்திரத்துக்காக என்று நினைத்தேன். உண்மையில் அதை ரசித்துக்கொண்டிருந்தேன். அவர்களது காயத்தின் ஒலியை எனது பழைய ஞாபகத்துக்கு அலங்காரமாகச் சூட்டியிருந்தேன். எங்கள் வெளியேற்றத்தை யாராவது அப்படி ரசித்தால் நான் பொறுப்பேனா? அழிப்பவன் ஒரு வகையில் தவறுகிறான் என்றால், அடுத்தவரின் துயரத்தைக் கேட்க இனிமையான பொருளாக்குகின்றவன் இன்னொரு வகையில் தவறுகிறான்.

ஆகவே இப்போது ஒவ்வொரு தட்டுக்கும் மூன்று வேலை செய்கின்றேன். முதலாவது, முள் தந்தபடியே, ஒன்றும் கழிக்காமல், எதையும் வெட்டாத ‘ஃபிளாக்’ கோப்பாக இரண்டு வேறு வேறு டிஸ்க்கில் வைக்கின்றேன். ஒன்று என் வீட்டில், மற்றது தங்கச்சி வீட்டில் புத்தளத்தில். இரண்டாவது, கேட்பவர் விரும்பினால் இரைச்சல் நீக்கிய பிரதி. அதன் பெயரிலேயே ‘திருத்தியது’ என்று எழுதுகின்றேன். மூன்றாவது, ஒரு தாள். அதில் தட்டின் ஸனது இருக்கும். வாப்பாவிடம் 1990 வரை. அயலவரிடம் 2011 வரை, அதில் 2008 டிசம்பரிலிருந்து மண்ணுக்குள். பின் என்னிடம். எந்த முள், எந்த வேகம், எதை எவ்வளவு நீக்கினேன், எந்த நாள்.

அந்தத் தொடரில் நடுவில் நிற்பவர் ஒரு இந்து. அறிவிப்பாளர்களை எடைபோடுகின்ற நம் கலையில் நம்பிக்கைக்குரியவரை ‘ஸிகத்’ என்பார்கள். ஹதீஸுக்கு அவர்கள் வைத்த நிபந்தனைகள் தனி. அமானிதத்துக்கு அந்த எல்லையில்லை. மக்காவில் நபி (ஸல்) அவர்களைப் பகைத்தவர்களே தங்கள் பொருட்களை அவர்களிடம் ஒப்படைத்திருந்தார்கள். ஹிஜ்ரத்தின்போது அவற்றைத் திருப்பிக் கொடுப்பதற்காகவே அலி (ரலி) பின்தங்கி நின்றார்கள். வெளியேற்றப்படுகின்ற நேரத்திலும் அமானிதம் கடமையாக இருந்தது. 1990இல் ஒப்படைத்துவிட்டுப் போனவர்கள் நாங்கள். திருப்பிக் கொடுக்கப் பின்தங்கி நின்றவர் மாமா. ஒரு கொடுமையும் ஒரு நேர்மையும் ஒரே மண்ணில், ஒரே காலத்தில், ஒரே மொழி பேசும் மனிதர்களிடமிருந்து எங்களுக்குக் கிடைத்தன. ஒன்றைச் சொல்லும்போது மற்றதைச் சுரண்டிவிடாமல் இரண்டையும் எழுத வேண்டும் என்பதுதான் அந்தத் தாளின் வேலை.

சுத்தமாக்கிய பாட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அளவாகத்தான் கழித்திருந்தேன். மாமியும் வந்து பக்கத்தில் இருந்து இரண்டு பக்கத்தையும் கேட்டார். புறப்படும்போது, பழைய கோப்பு என்னிடம் இருக்கிறது, அதை வைத்திருப்பதில் உங்களுக்கு மனக்கஷ்டமா என்று மாமாவிடம் கேட்டேன். அவர் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கு இன்றும் தெரியாது.

“வை மோனை. நான் கேக்கமாட்டன். ஆனா அழிச்சுப்போடாதை” என்றார்.

ஹனிபாவின் அந்த எம்பி3 கோப்பு மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது. அதற்கும் ஒரு தாள் எழுதி வைத்துள்ளேன். இது சுரண்டப்பட்ட பிரதி, இதில் ஒரு கீறலும் ஒரு செப்புச் சதத்தின் சத்தமும் இருந்தன, சுரண்டியவன் நான் என்று அதில் இருக்கிறது. என் பிள்ளைகள் அந்தப் பாட்டைக் கேட்கும்போது தாளையும் வாசிக்க வேண்டும். பாட்டைத் திருப்பித் தர எனக்கு வழியில்லை. குறையை மறைக்காமல் விடுவதற்கு மட்டுமே வழி இருக்கிறது. வல்ல அல்லாஹ்வே யாவும் அறிந்தவன்.